மாடி வூட்டம்மா வளர்த்த திருடன்

எவ சொன்னா அப்படி? திருட்டு வேல பண்ணி மாட்டிகினாளாம், காலேஜுல புடிச்சு வெளிய அனுப்பிட்டாங்களாம்... யாரு, தண்ணி கேன் போடறவனா சொன்னான்? அவன் சொன்னா நீயும் நம்பிடுவியா? உக்காரும்மே இப்படி. இந்த மொச்சைய உரிச்சுகினே பேசலாம், போறப்ப நீயும் ஒரு கை எடுத்துகினு போ. நீ இந்தத் தெருவுக்குக் குடி வந்து ஆறு மாசம்கூட ஆவல. எங்க மாடி வூட்டம்மாவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? அஞ்சு வருசம் என் தலைக்கு மேல குடியிருந்தவ. அவ நடக்கற சத்தத்த வெச்சே சந்தோசமா கீறாளா, கவலையா கீறாளான்னு சொல்லிடுவேன் நானு.

பேரு சொல்ல மாட்டேன். சொன்னா நீ அத்தயும் கேன்காரன்கிட்ட சொல்லுவ.

நாப்பது வயசு இருக்கும் அவளுக்கு. கல்யாணம் கட்டல. ஒட்டடக்குச்சி மாதிரி இருப்பா, கொண்டையில எப்பவும் ஒரு பென்சிலு. சிறுசேரி தாண்டி ஒரு பெரிய எடத்துல கணக்கு ஆராய்ச்சி. என் மவன் அந்தப் பக்கம்தான கம்பெனி வேன் ஓட்டறான், அவன் வேன்லயே ஏறிப் போவா. கணக்குன்னா நம்ம மளிகைக் கணக்கு இல்ல. பூட்டுக் கணக்கு. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் நம்ம விசயத்தையெல்லாம் பூட்டி வெக்கறாங்களாமே, அந்தப் பூட்டு. இப்ப புதுசா ஒரு மிசினு வரப் போவுதாம், அது வந்தா பழைய பூட்டெல்லாம் தெறந்துக்குமாம். அதுக்குப் புதுப் பூட்டு செய்யறவங்க வேற ஆளுங்க. அந்தப் பூட்ட அந்த மிசினு வெச்சிருக்கற திருடனாலயும் தெறக்க முடியாதுன்னு நிரூபிக்கறதுதான் இவ வேல. தெனமும் திருடனப் பத்தியே பேசிகினு இருப்பா. கேன்காரன் காதுல அது விழுந்திருக்கும், வேற இன்னா.

மொத மொத அவகிட்ட என் மவன் யோசன கேட்டது வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்க. "நீங்கதான் பூட்டுப் படிச்சவங்களாச்சே மேடம், எது நல்ல பூட்டு?"ன்னான். அவ உடனே, "எந்தத் திருடனுக்கு?"ன்னா. இவன் முழிக்கறான். "சும்மா தள்ளிப் பாக்கறவனா? கம்பி கொண்டாறவனா? சாவிய ஒரு நாள் வாங்கி அச்செடுத்து வெச்சிருக்கறவனா? திருடன் என்னென்ன செய்வான்னு சொன்னாத்தான் பூட்டு நல்லதா இல்லையான்னு சொல்ல முடியும்." இவன் போயி கடையில எதையோ வாங்கியாந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கல. நானு அவளப் பாத்து, "இன்னாம்மா, திருடன் வர்றதுக்குள்ள அவனுக்குச் சாப்பாடே போட்டு வெச்சிடுவ போல"ன்னேன். "ஆமா ஆயா, அவன நல்லா வளர்க்கணும். சோப்ளாங்கித் திருடன ஜெயிச்சா அது ஜெயிப்பே இல்ல"ன்னா.

இந்தத் தெருவுல அவளக் கர்வின்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். ஏன்னு நானு சொல்றேன். குழாயடியில நாலு பேரு நின்னுகினு, இந்த வூட்டுக்காரன் இப்படியாம், அந்த வூட்டுப் பொண்ணு ஓடிட்டாளாம்னா, இவ குடத்த வெச்சுகினே, "நீங்க பாத்தீங்களா, இல்ல இருக்கும்னு நெனைக்கிறீங்களா?"ன்னு கேட்டுடுவா. மரியாதையாத்தான் கேப்பா. ஆனா பேச்சு அத்தோட செத்துப்பூடும். எல்லாருக்கும் மூஞ்சி சுருங்கிப் போயிடும். நெனைக்கறது வேற, தெரியறது வேற. அவளுக்கு அது ரெண்டும் ஒரே தட்டுல வெக்கக் கூடாது. அவ்ளோதான் அவ.

எனக்கே ஒரு வாட்டி கோவம் வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில கெடந்தாரே, அப்ப. பாக்க வந்தவங்க எல்லாரும், "ஒண்ணும் ஆவாது, பத்து நாள்ல எழுந்து நடப்பாரு"ன்னாங்க. சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து என் தம்பி கோயில் துளசிய கையில வெச்சுகினு வந்து சத்தியமே பண்ணிட்டான். இவளும் வந்தா. நானு அவ கையப் புடிச்சுகினு, "நீ படிச்சவ, நீ சொல்லும்மா, பொழச்சுப்பாரா?"ன்னேன். அவ என் மூஞ்சியவே பாத்துகினு இருந்துட்டு, "எனக்குத் தெரியல ஆயா"ன்னா. இன்னா பொம்பளடி இவ, வாயில ஒரு நல்ல வார்த்த வராதான்னு எனக்குப் பத்திகினு வந்துச்சு. மூஞ்சியத் திருப்பிகினேன். ஆனா ஒண்ணு. சத்தியம் பண்ணவங்கல்லாம் சாயங்கால ரயிலுக்குப் போயிட்டாங்க. இவ போவல. ஆஸ்பத்திரி வராண்டாவுல, அந்தச் சிமிட்டித் தரையில, என் பக்கத்துலயே எட்டு நாளு வந்து வந்து உக்காந்திருந்தா. அவரு போனப்புறம் நானு நெனச்சுப் பாத்தேன். அத்தன பேரு பேச்சுல எனக்கு மனசுல நின்னது அவ பேச்சு ஒண்ணுதான். மத்ததெல்லாம் என்ன ஏமாத்தினா மாதிரி ஆயிப்போச்சு.

கொட்டைய இதுல போடாத, புழுவு கீது பாரு.

இன்னா சொன்னேன்... ஆங், தயிரு. அவ வூட்ல தயிரு உறையவே உறையாது. எம்மாம் படிப்பு, ஒரு குண்டான் தயிருக்கு வழியில்ல. தெனம் சாயங்காலம் வேன்ல வந்து எறங்கினதும் நேரா என் அடுப்பாங்கரைக்கு ஒரு டம்ளரோட வந்துடுவா. வந்தா அம்மி மேடையில சாஞ்சுகினு அன்னிக்குப் பண்ண கணக்க என்கிட்ட சொல்லுவா. எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றன்னு கேட்டேன். "உங்களுக்குப் புரியறாப்ல சொல்ல முடிஞ்சா எனக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தம் ஆயா"ன்னா. எனக்கு ஒரே குஷி. எந்த வூட்டுக் கெழவிக்கு இப்படி நடக்கும் சொல்லு?

அவ சொன்னத நானு சொல்றேன், தப்பாக்கூட இருக்கும். நல்ல பூட்டுன்னு நிரூபிக்க அவ ஒரு திருடனக் கற்பனையா வளர்க்கறா. "இவன் பூட்டத் தெறந்துடுவான்னு வெச்சுக்கோங்க ஆயா"ம்பா. "அப்படித் தெறக்கறவன வெச்சுகிட்டு உலகத்துல எவனாலயும் போட முடியாத ஒரு கணக்க நான் போட்டுக் காட்டறேன். அந்தக் கணக்குத்தான் எவனாலயும் முடியாதே. அப்ப அப்படி ஒரு திருடனே இல்ல"ன்னு முடிப்பா. எப்படி இருக்குது பாரு! திருடன் தோள் மேலயே ஏறிகினு, திருடனே இல்லன்றா.

அதுக்கு அவன ஒரு கேள்வி கேக்கணுமாம். பதில வாங்கிகினு, அவனப் பழையபடி பழைய எடத்துலயே கொண்டாந்து நிறுத்தி, வேற கேள்வி கேக்கணுமாம். ரெண்டு பதிலயும் சேத்தா அவன் ரகசியம் வெளிய வந்துடும். பழைய திருடன் அதுக்கு ஒத்துப்பான். இந்தப் புது மிசினு வெச்சிருக்கறவன் ஒத்துக்க மாட்டான். ஒரு கேள்வி கேட்டுப் பதிலப் பாத்தாலே அவன் கலைஞ்சு போயிடறான். திரும்பப் பழைய ஆளா நிக்க மாட்டான். இத்த எனக்குப் புரிய வெக்க அன்னிக்கு அவ என் தயிர்க் குண்டானத்தான் காட்டினா. "உறைஞ்சுதான்னு கரண்டி விட்டுப் பாத்தா என்ன ஆகும்?" "உடைஞ்சு பூடும்." "அப்ப நீங்க எப்படிப் பாப்பீங்க?" "லேசா சாய்ச்சுப் பாப்பேன், ஆடாம நின்னா உறைஞ்சுதுன்னு அர்த்தம்." அவ டம்ளர வெச்சுட்டுக் கையத் தட்டினா. "அதேதான் ஆயா! நான் கரண்டி விடல. சாய்ச்சுத்தான் பாக்கறேன். சாய்ச்சுப் பாத்தாலே போதும், அவன் கலைய மாட்டான்னு நிரூபிச்சுட்டேன்!"

அதுக்கப்புறம் ஒரு மாசம் அவ நடந்ததே வேற மாதிரி. மாடியில குதிச்சுகினு நடந்தா. அவ எழுதினத வெளிநாட்டுக்காரங்க ஏத்துகினாங்களாம். மகாபலிபுரத்துல கடலோரமா ஒரு ஓட்டல்ல பெரிய கூட்டம், அதுல இவ அத்தப் பத்திப் பேசணுமாம். அவ வேல அது வரைக்கும் வருசத்துக்கு வருசம் அவங்க புதுசா காயிதம் போட்டுக் குடுக்கற ஒப்பந்த வேலதான். எட்டு வருசமா அப்படி. இந்தக் கூட்டத்துல நல்லாப் பேசிட்டா நிரந்தரம்னு அவங்க பெரிய சாரே சொல்லிட்டாராம். "அப்புறம் ஒரு இடத்துல உக்காரலாம் ஆயா. புஸ்தகத்தையெல்லாம் அட்டப் பொட்டியில இருந்து வெளிய எடுத்து வெக்கலாம்"ன்னா. அஞ்சு வருசமா பொட்டியவே பிரிக்காம குடியிருந்திருக்கா பாரேன். எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இனிமேதான் என் வாயால வந்த வென.

ஒரு சனிக்கெழம. மெதுவட சுட்டுகினு இருந்தேன். அவ திரும்பவும் அந்தச் சாய்ச்சுப் பாக்கறதையே சொல்லிகினு இருந்தா, கூட்டத்துல சொல்ல ஒத்திகை மாதிரி. நானு சும்மா இருக்காம எங்க மாமியாக் கதைய எடுத்தேன். எனக்கு எதுலயும் மாமியா வந்துடுவா, உனக்குத் தெரியும். "நீ சாய்க்கற, சரி. எங்க வூட்ல நான் உறை ஊத்தி வெப்பேன். மாமியா வந்து சாய்ச்சுப் பாப்பா. அப்புறம் ஓரகத்தி. அப்புறம் மாமனாரு சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு வந்து ஒரு சாய்ப்பு. மத்தியானம் பாத்தா குண்டான்ல தயிரே இருக்காது, தண்ணி வுட்டு நிக்கும். பழி மட்டும் எனக்கு"ன்னேன்.

அவ வடையக் கடிச்சவ அப்படியே நிறுத்திட்டா.

"ஒவ்வொருத்தரும் லேசாத்தான சாய்ச்சாங்க ஆயா?"

"லேசாத்தான். நாம ஒருத்தரு தான சாய்க்கறோம்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுகினாங்க."

வடைய அம்மி மேல வெச்சா. "வர்றேன் ஆயா"ன்னு மாடி ஏறிட்டா. டம்ளரக்கூட எடுக்கல. நானு இன்னாடா, காரம் ஜாஸ்தியான்னு ஒரு வடையப் பிட்டு வாயில போட்டுப் பாத்தேன்.

மூணு நாளு அவ கீழ எறங்கல. வேலைக்கும் போவல. மேல நடக்கற சத்தமே இல்ல, அதான் எனக்கு பேஜாரு ஆயிடுச்சு. நாலாம் நாளு நானே முட்டிய புடிச்சுகினு ரசம் சோறோட ஏறினேன். தரை பூரா காயிதம். நடுவுல உக்காந்திருந்தா.

"ஆயா, நான் ஒரே ஒரு தடவ சாய்க்கறேன்னு எழுதியிருக்கேன். ஆனா உள்ள ஒரு எடத்துல, நான் முன்னாடி எழுதின இன்னொரு கணக்க எடுத்து வெச்சேன். அந்தக் கணக்குக்குள்ள அவனத் திரும்பத் திரும்பச் சாய்க்குது. எத்தன தடவன்னே கணக்கு வெக்கல. ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் கொஞ்சமா கலையறான். கடைசியில அவன் பழைய ஆளே இல்ல."

"அப்ப பூட்டு ஒடஞ்சுடுச்சா?"

"பூட்டு ஒடையல. நல்ல பூட்டாக்கூட இருக்கலாம். ஆனா நல்ல பூட்டுன்னு நான் கையெழுத்துப் போட்டேனே, அதுதான் பொய்யாப் போச்சு."

"யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நாலு பெரியவங்க படிச்சுட்டு சரின்னுட்டாங்க."

நானு சொன்னேன்மே, இன்னிக்கு வரைக்கும் அத்த நெனச்சா எனக்கு வெக்கமா கீது. "அப்ப சொல்லாத. வேல நிரந்தரம் ஆவட்டும், பொட்டியப் பிரி, அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கோ. யாரு கேக்கப் போறா?"ன்னேன். அவ கோச்சுக்கல. ரசம் சோத்துல ஒரு வாய் அள்ளிப் போட்டுகினா.

"ஆஸ்பத்திரியில உங்ககிட்ட தெரியலன்னு சொன்னேன் ஆயா. உங்களுக்கு எம்மேல எவ்ளோ கோவம்னு எனக்குத் தெரியும். அன்னைக்குச் சொல்லாத பொய்ய இன்னைக்கு ஒரு வேலைக்காகச் சொல்ல முடியுமா?"

நானு சோத்த அவ பக்கம் தள்ளி வெச்சேன்.

கூட்டத்துக்கு என்னையும் கூட்டிகினு போனா. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, "மொத மொத கேட்டது நீங்கதான், கடைசியாவும் வந்து கேளுங்க"ன்னா. எனக்குள்ள ஒரு ஆச. ஒருவேள மனசு மாறியிருப்பா, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு. பச்சப் பட்டு கட்டிகினேன். என் மவன் வேன்ல கேளம்பாக்கம் வழியாப் போனோம். ஓட்டல்னா ஓட்டலு, அரண்மன! குளுகுளுன்னு கீது, ஜன்னல் பூரா கடலு. கோட்டு போட்டவங்க, வெள்ளக்காரங்க, பொம்பளைங்க கொஞ்சம். என்னக் கடைசி வரிசையில உக்கார வெச்சு ஒருத்தன் கேக்கும் காபியும் குடுத்தான். சக்கர தனியா காயிதத்துல மடிச்சு வெக்கறான்மே!

அவ மேடையேறினா. கொண்டையில பென்சிலோடயே ஏறிட்டா. இங்கிலீசுல பேசினா. எனக்கு ஒரு எழவும் புரியல, ஆனா எம்மாம் அழகா பேசினா தெரியுமா, ஒரு தடுமாட்டம் இல்ல. பின்னால செவுத்துல படம் படமா வந்துச்சு. கடைசியில ஒரு படம், அதுல ஒரு வரிய நடுவுல செவப்புல அடிச்சு வெச்சிருந்தா. அத்தக் காட்டி ரெண்டு வார்த்த பேசினா. தலையக் குனிஞ்சு கும்பிட்டா.

பேசி முடிச்சா கை தட்டணும்னு எனக்குத் தெரியாதா? தட்டினேன். நல்லா பலமா, வளையல் குலுங்கத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கவனிச்சேன், என் கைச் சத்தம் மட்டும்தான் கேக்குது. அம்மாம் பெரிய கூட்டத்துல ஒருத்தன்கூடக் கை தட்டல. எல்லாரும் திரும்பி என்னப் பாக்கறாங்க. முன் வரிசையில அவங்க பெரிய சாரு மட்டும் திரும்பல, கண்ணாடியக் கழட்டி மடியில வெச்சுகினு தரையப் பாக்கறாரு. நானு தட்டின கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சுகினேன். மேடையில நின்னுகினு அவ என்னப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்ப நானு எப்படிச் சொல்றது உனக்கு. அழுதிருந்தாக்கூடத் தேவல.

திரும்பி வர்றப்ப வேன்ல சொன்னா. "நான் நிரூபிச்சேன்னு சொன்னது நிரூபணம் ஆகல, எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன், தப்பு இந்த வரியில இருக்குன்னு சொன்னேன் ஆயா." என் மவன் வண்டிய ஓரங்கட்டிட்டு, "இன்னா மேடம் நீங்க, யாராச்சும் புடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே போயி மாட்டிகினீங்களே"ன்னான். அதுதாண்டி உங்க கேன்காரன் கதைக்கு மூலம். இவன் டீக்கடையில போயி பெருமையா சொல்றேன்னு சொல்லியிருக்கான், அங்கேர்ந்து அது கை மாறிக் கை மாறித் திருட்டாயிப் போச்சு. யாரும் அவளப் புடிக்கல. யாரும் தொரத்தல. வருசா வருசம் குடுக்கற காயிதத்த அந்த வருசம் குடுக்கல, அவ்ளோதான். குடுக்கலன்னுகூடச் சொல்லல. பாக்கலாம் பாக்கலாம்னே இழுத்து வுட்டுட்டாங்க.

"நான் என் மாமியாப் பேச்ச எடுக்காம இருந்திருந்தா?"ன்னு கேட்டேன் அவள. "எடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. பொய்க்குத்தான் தட்டறாங்கன்னு எனக்குத் தெரியாமயே போயிருக்கும்"ன்னா. அதுக்கப்புறம் கேளம்பாக்கத்துல இருந்து நம்ம ஊரப்பாக்கம் வர்ற வரைக்கும் ஜன்னல்லயே சாஞ்சுகினு வந்தா.

அந்த ஆனி மாசம் காலி பண்ணிட்டா. அட்டப் பொட்டிங்கள என் மவனே தூக்கி ஏத்தினான், பிரிக்காத பொட்டிதான, கட்டற வேலகூட இல்ல. தெக்க எங்கியோ ஒரு சின்ன ஊரு, பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லித் தர்றாளாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. மவன் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுப்பான். முட்டி வலி எப்படி, மழ பேஞ்சுதா, வட சுட்டீங்களா, இப்படித்தான் பேச்சு. பூட்டப் பத்தி அவ பேசல, நானும் கேக்கல.

போன தபா பேசினாடி. ஒரு மாசம் ஆவுது. குரலே வேற மாதிரி இருந்துச்சு. "ஆயா, வேற வழி கெடச்சிருக்கு, சொல்லட்டுமா?"ன்னா. சொல்லும்மான்னேன். "இப்ப நான் திருடன ஒண்ணுமே கேக்கறதில்ல ஆயா. சாய்க்கறதும் இல்ல. பூட்டத் தெறக்கணும்னா அவன்தான் நம்மகிட்ட கேள்வி கேக்கணும், அவன் என்ன கேக்கறானோ, அத அவனுக்குத் தெரியாம ஒரு நோட்டுல எழுதிகிட்டே வர்றேன். அவ்ளோதான். அவன் கலையவே மாட்டான்." நல்லா வெளக்கமா சொன்னா. ராத்திரி பள்ளிக்கூட நோட்டெல்லாம் திருத்திட்டு அப்புறம் உக்காந்து எழுதறாளாம். மொத எழுதினத ஏத்துகினாங்களே, அவங்களுக்கே அனுப்பப் போறாளாம்.

எனக்கு அப்பவே ஒண்ணு தோணிச்சு. எழுதறது சரி. அந்த நோட்ட நீ எப்பவாச்சும் பிரிச்சுப் பாக்கணுமே, பாக்கறப்ப அவன் கலைய மாட்டானா? வாய் வரைக்கும் வந்துடுச்சுமே. அந்த ஓட்டலு, அந்தச் செவப்புக் கோடு, அந்தக் கண்ணாடிக்காரரு தரையப் பாத்தது எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. முழுங்கிட்டேன். "சூப்பரும்மா, ரொம்ப நல்லா கீது"ன்னேன்.

அப்புறம் மெதுவா, "ஆயா, ஏதோ கேக்க வந்தீங்கதானே?"ன்னா.

"இல்லியே. நான் இன்னாத்தக் கேக்கப் போறேன்"ன்னேன்.

அவ காத்துகினு இருந்தா. எனக்கு அவ மூச்சு வுடற சத்தம் கேக்குது. அப்புறம் "சரி ஆயா, ஒடம்பப் பாத்துக்கோங்க"ன்னு வெச்சுட்டா.

நாலு ஞாயித்துக்கெழம போயிடுச்சு, போன் வரல. அவளே அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பா. எனக்குத் தோணினது அவளுக்குத் தோணாமயா இருக்கும்? இல்ல, ஒருவேள... எனக்கு இன்னாத் தெரியும். என் மவன்கிட்ட நானா போன் போட்டுக் குடுடான்னு கேக்கலாம், நம்பரு அவன்கிட்டதான் கீது. தெனம் அவன் வேன எடுக்கறப்ப கேக்கணும்னு வாசல் வரைக்கும் வரேன். வந்து, "டிபன் பாக்ஸ் எடுத்துகினியாடா?"ன்னு கேட்டுட்டு உள்ள வந்துடறேன்.

இன்னாடி சத்தம் அது? ஐயையோ, மோட்டாரு! டேங்க்கு ரொம்பி மாடி பூரா ஊத்துது பாரு. இரு, நீ மொச்சையப் பாத்துக்கோ, காக்கா வந்துடும். நானு போயி சுச்ச நிறுத்திட்டு வரேன்.